பொது வீட்டைத் திறந்துவிடுமுன் பங்காளிகள் செய்ய வேண்டியவை

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பல பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டைத் திருமணத்துக்கோ படப்பிடிப்புக்கோ சுற்றுலாப் பயணிகளுக்கோ திறந்துவிடுவோர், வந்தவர் அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கெனத் தனிச் சட்டம் நாட்டில் இல்லை. இடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுத்தாரா என்றே தீங்கியல் சட்டப்படி, அதாவது பிறர் தவறால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டப்படி, நீதிமன்றம் ஆராயும். பங்காளி சிங்கப்பூரில் வசிப்பது மட்டுமே அவரை விடுவித்துவிடாது. ஆகவே பராமரிப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, செலவுக்குப் பொதுப்பணம் ஒதுக்கி, ஆபத்தான பகுதியை உடனே பூட்டும் அதிகாரத்தை வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு அளியுங்கள்.

டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து மக்கள் இறந்த வழக்கில், வீதியோரக் கட்டடத்தின் குறை வெளியே தெரியவில்லை என்னும் வாதத்தை 1966ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டடத்தின் வயது 80. அதன் காரையின் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகள்தாம் என்று சாட்சியம் இருந்தது. நம் சுண்ணாம்புக் காரைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், வீதியைப் பார்த்து நிற்கும் முகப்பில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த சுதை உருவங்களுக்கு அந்தத் தீர்ப்பின் எச்சரிக்கை முழுமையாகப் பொருந்தும்.

ஐப்பசி மழைக்கு முன் கட்டடப் பொறியாளரை அழைத்து, சுதை உருவங்களையும், தேக்கு உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளையும் சோதிக்கச் செய்யுங்கள். ஈரமும் கரையானும் முதலில் பற்றுவது அம்முனைகளைத்தான். முற்றத்துச் சாரல் பட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும் என்பதால் மழை நேரத்தில் அவ்வழியை அடைத்துவிடுவது நல்லது. மாடிப்படிக்குக் கைப்பிடியும் விளக்கும், கிணற்றுக்குக் கம்பி மூடியும் கட்டாயம் வேண்டும். ‘கவனம்’ என்று பலகை மாட்டுவது இவற்றுக்கு ஈடாகாது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைதான் கிணற்றடிக்கு ஓடும்.

கட்டணம் வாங்கினால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அடிபட்டவர் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கவனக்குறைவால் உயிர் போனால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பழுதுபார்க்கும் வேலையில் காட்டும் அலட்சியத்துக்கு அதே சட்டத்தின் 290ஆம் பிரிவு இருக்கிறது.

பொறியாளரின் அறிக்கை, தேதியிட்ட படங்கள், வேலை நடந்த ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வெளியார் அடிபட்டால் இழப்பீட்டை ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது, பங்காளிகள் அனைவரின் பெயரும் அதில் இருக்கிறதா, கட்டணம் செலுத்தி வருவோருக்கும் அது பொருந்துமா என்று ஆவணத்தைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.