வீட்ல தினமும் செபமாலை சொல்ல பழக்கிறது எப்படி

மொதல்ல கடிகாரத்தை நம்பாதீங்க, வீட்ல எப்படியும் நடக்கிற ஒரு வேலையோட சேர்த்து வைங்க. சேலத்துல எங்க வீட்ல 7 மணின்னு வெச்சிருந்தோம், அவருக்கு கடை, பையனுக்கு டியூஷன்னு பாதி நாள் விட்டுப்போச்சு, இப்ப குக்கரை எறக்கி ஆவி அடங்குற நேரம்தான் செபமாலை.

சின்ன புள்ளைங்கள எடுத்ததும் மாலையில இருக்கிற 53 அருள் நிறைந்த மரியே மணிக்கும் உக்கார வைக்காதீங்க, ஒரு பத்து மணி உருட்டினா போதும், அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. செபிக்கும்போது நினைச்சுப் பாக்குற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிங்க (மறைபொருள்) நாளுக்கு நாள் மாறும்: திங்கள் சனி மகிழ்ச்சி, செவ்வாய் வெள்ளி துயரம், புதன் ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி (இது 2002ல இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் சேர்த்தது), தாள்ல எழுதி மாதா படத்துக்கு பக்கத்துல ஒட்டிடுங்க.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது கருத்து சொல்றது, அதாவது யாருக்காக வேண்டுறோம்னு சொல்றது, ஒவ்வொரு பத்துக்கும் ஒருத்தர். எங்க மாமியார் ஏற்காட்டுல காப்பி பழம் பறிச்சவங்க, தடிச்சுப்போன விரலால மணிய அழுத்தி உருட்டிக்கிட்டே "மலை ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி ஓட்டுற புள்ளைங்களுக்காக"ன்னு ஒப்புக்கொடுப்பாங்க. அதைக் கேட்டு கேட்டுதான் ஒருநாள் பொண்ணு, யாரும் சொல்லாமயே, "கணக்கு டீச்சருக்கு உடம்பு சரியாகணும்"னா, எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

சண்டை போட்ட அன்னிக்கு கண்டிப்பா விடாதீங்க. அவர் "அருள் நிறைந்த மரியே"ன்னு ஆரம்பிச்சா நான் "தூய மரியே"ன்னு முடிச்சுதானே ஆகணும், நாலாவது பத்துக்குள்ள குரல் தணிஞ்சிடும்.

மாலை அறுந்துபோச்சுன்னா விரல்ல எண்ணுங்க, சரியா பத்து இருக்கு.