லெதர் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது

தோலில் ஊசி குத்திய ஓட்டை மறையாது, அதனால் தைத்த பிறகு பிரித்துச் சரிசெய்து கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். துணி டேப்பைக் கொடுத்து வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் கையைத் தூக்கும்போது மார்பளவு மாறிவிடும். உள்ளே போடப்போகும் சட்டையோடு நில்லுங்கள். மார்பை அக்குளுக்குக் கீழே, அகலமான இடத்தில், முதுகுப் பக்கம் டேப் இறங்காமல் அளக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

கை நீளத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள்: முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை அளங்கள், ஏனென்றால் போடப் போட முழங்கையில் மடிப்பு விழுந்து கை மேலே ஏறிக்கொள்ளும். அப்புறம், தாராளமாக இருக்கட்டும் என்று நீங்களாக ஓர் அங்குலம் கூட்டாதீர்கள், அதைத் தைப்பவர் பார்த்துக்கொள்வார். சட்டையோடு அளந்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.