ரப்பர் கடை ரசீதும் ஆபீஸ் கணக்கும் ஒத்துப்போக: செமாண்டிக் வெப் தொடக்கப் பாடம்

குலசேகரத்தில் ரப்பர் பால் வாங்கும் கடை, அதை ஒட்டி ஷீட்டு காயவைக்கும் புகைப்புரை, மார்த்தாண்டத்தில் ஆபீஸ். இப்படி ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் பில் போட ஒரு மென்பொருள், புகைப்புரையில் எக்செல் தாள், ஆபீஸில் டாலி கணக்கு மென்பொருள். மூன்றும் தனித்தனியாக நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் சனிக்கிழமை மாலை முதலாளி, "இந்த வாரம் யார் எவ்வளவு ரப்பர் தந்தார்கள், யாருக்குப் பணம் பாக்கி?" என்று கேட்டால் மூன்றையும் திறந்து கையால்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. தகவலோடு அதன் பொருளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிவைப்பதுதான் செமாண்டிக் வெப். அந்த முறையில் இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஒரே ஒரு கேள்வி

மேலே உள்ள கேள்வியை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவையான தகவல்களை மட்டும் இணைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்கத் தொடங்கினால் வேலை பாதியில் நின்றுவிடும்.

படி 2: அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் என்ன பொருள்

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்று இடத்திலும் 'எடை' என்று ஒரு பத்தி உண்டு. கடை பில்லில் அது பாலின் எடை, தண்ணீரும் சேர்ந்தது. புகைப்புரைத் தாளில் காய்ந்த ஷீட்டின் எடை. டாலியில் பணம் கொடுப்பதற்காகக் கணக்கிட்ட உலர் ரப்பரின் எடை.

பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதைத்தான் டிஆர்சி என்கிறோம். 46 கிலோ பால், டிஆர்சி 34 என்றால் உலர் ரப்பர் 15.64 கிலோ. பத்தியின் பெயரை மட்டும் நம்பி இணைத்தால் 46-உம் 15.64-உம் ஒரே வரிசையில் உட்கார்ந்து கூட்டலுக்குள் போய்விடும். யாருக்கும் சட்டென்று தெரியாது, ஏனென்றால் இரண்டும் நம்பும்படியான எண்கள்தான்.

டிஆர்சியிலும் இரண்டு வகை உண்டு. பாலில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டு உடனே பார்ப்பது ஒன்று. கொஞ்சம் பாலை எடுத்து ஆசிட் விட்டு உறையவைத்து, காயவைத்து, எடை போட்டுச் சொல்வது இன்னொன்று. முன்னது உத்தேசம், பின்னது துல்லியம். எந்த எண் எந்த முறையில் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

இதைத் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். பில் போடுகிறவர், புகைப்புரைக்காரர், கணக்கர் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேளுங்கள். மென்பொருளுக்குச் செலவிடும் நேரத்தைவிட இந்தப் பேச்சுக்கு அதிக நேரம் கொடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

படி 3: வாக்கியங்களாக மாற்றுவது

இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இல் வெளியிட்ட ஆர்டிஎஃப் என்ற தரநிலையில் எந்தத் தகவலும் மூன்று துண்டு வாக்கியம்தான்: எதைப் பற்றி, என்ன உறவு, என்ன மதிப்பு. ஒரு ரசீது இப்படி ஆகும்:

```
கு:ரசீது_1842
    கு:விற்றவர் கு:ஆள்_27 ;
    கு:பால்_எடை 46 ;
    கு:டிஆர்சி 34 ;
    கு:அளந்த_முறை கு:மெட்ரோலாக் .
```

'கு:' என்பது உங்கள் இணைய முகவரியின் சுருக்கம். கோப்பின் தலையில் ஒருமுறை அறிவித்தால் போதும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், தரநிலை அதை முழுமையாக அனுமதிக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 'கொ' போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு (ஓர் எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிப்பது) மாற்றிவிடுங்கள்.

எக்செல், டாலி இரண்டிலிருந்தும் எடுத்த வரிசைகளை இப்படி மாற்ற, பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஆர்டிஎஃப்லிப் என்ற நிரல் நூலகம் போதும்.

படி 4: ஆள் ஒருவரா, இருவரா

கடையில் விற்பவரை வீட்டுப்பெயரோடு எழுதுவார்கள். டாலியில் வங்கிக் கணக்கில் உள்ளபடி இனிஷியலோடு இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல, ஆர்டிஎஃப் தகவல்களுக்கு இடையிலான உறவுகளை விவரிக்கும் ஆவுல் மொழியில் 'சேம்ஆஸ்' என்ற உறவு இருக்கிறது. அதை அவசரப்பட்டுப் போடாதீர்கள். ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் பால் கொண்டுவருவார்கள். தப்பாக இணைத்தால் ஒருவருடைய முன்பணம் இன்னொருவர் தலையில் விழும். கடைக்காரர் உறுதி சொன்ன பிறகு மட்டும் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து இணையுங்கள்.

படி 5: ஏற்றிக் கேட்பது

இந்த வாக்கியங்களைச் சேமித்துக் கேள்விக்குப் பதில் தரும் மென்பொருள் அப்பாச்சி ஜீனா ஃபுசெகி. அது இலவசம். ஜாவாவின் புதிய பதிப்பு இருக்கும் கணினியில் ஓடும். இயக்கியதும் 3030 என்ற போர்ட்டில் உலாவியில் திறக்கும். புதிய தரவுத்தொகுப்பு ஒன்றை உருவாக்கிக் கோப்புகளை ஏற்றுங்கள். அப்புறம், ஆர்டிஎஃப் தரவிடம் கேட்பதற்கான ஸ்பார்க்கிள் மொழியில் கேள்வி. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். உள்ளே வரும் வரிகள் இவை:

```
?ரசீது கு:விற்றவர் ?ஆள் .
?ரசீது கு:பால்_எடை ?எடை .
?ரசீது கு:டிஆர்சி ?சதவீதம் .
```

எடையைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உலர் ரப்பர். ரசீதின் தேதியையும் இதேபோல் ஒரு வரியாகச் சேர்த்து, இந்த வார ரசீதுகளை மட்டும் எடுத்து ஆள்வாரியாகக் கூட்டி, டாலியிலிருந்து வந்த பாக்கி வரியையும் சேர்த்தால் முதலாளியின் கேள்விக்கு ஒரே பட்டியலில் பதில் வந்துவிடும்.

படி 6: அனுபவ அறிவையும் உள்ளே கொண்டுவருவது

மழை நாளில் பாலில் தண்ணீர் கலந்து டிஆர்சி குறையும் என்பது பால் வாங்குகிறவருக்குத் தெரியும். எந்த மென்பொருளிலும் அது இல்லை. தரவைச் சோதிக்கும் விதிகளை எழுதுவதற்கென்று 2017-இல் தரநிலையான ஷாக்கிள் மொழியில் இதை விதியாக எழுதலாம்: டிஆர்சி 30-க்குக் கீழே இருந்து, அளந்த முறை மெட்ரோலாக் என்றால், அந்த ரசீதை மறுசோதனைக்குக் காட்டு. எல்லை எண்ணை உங்கள் கடைக்காரரிடமே கேட்டு வையுங்கள். அவர் மனதில் இருந்தது இனி புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கும் உதவும்.

படி 7: சேவையாகத் திறப்பது

பில் மென்பொருள் ஏற்கெனவே ஜேசன் வடிவில் (மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஓர் எழுத்து வடிவம்) தகவல் தருகிறது என்றால் அதை மாற்றி எழுத வேண்டாம். ஜேசன்-எல்டி முறையில் ஒரு 'கான்டெக்ஸ்ட்' சேர்த்தால், அதன் 'எடை' உங்கள் கு:பால்_எடை என்று கணினிக்குப் புரியும். பழைய வகை வெப் சர்வீஸ்களுக்கும் 2007-இல் எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் என்ற தரநிலை வந்தது; சேவையின் விவரக் கோப்பிலேயே பொருளைச் சுட்டும் குறிப்பைச் சேர்க்கும் வழி அது. சின்ன வியாபாரத்துக்கு ஜேசன்-எல்டியே வசதி.

ஃபுசெகியும் ஒரு சேவைதான். ஆனால் ஆபீஸ் கணினிகளுக்குத் திறந்துவிடும் முன், கேள்வி கேட்கும் வழியை மட்டும் திறந்து, தரவை மாற்றும் வழிக்குக் கடவுச்சொல் போடுங்கள். பாக்கி விவரம் உள்ளே இருப்பதால் கேள்வி கேட்பதையும் கடை, ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.