யாரும் எடுக்காத நாய்க்கு உங்கள் வீட்டில் கொஞ்ச காலம் இடம்: பினாங்கில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காப்பகத்தில் குட்டிகள் சீக்கிரம் போய்விடும். கறுப்பு நாய், வயதான நாய், ஆளைக் கண்டாலே பின்வாங்கும் நாய், இவைதாம் தங்கிப்போகும். கூண்டில் ஒடுங்கிக் கிடக்கும்போது அதன் நல்ல குணம் யாருக்கும் தெரிவதில்லை. தற்காலிகமாக வளர்க்கிறவரின் முக்கிய வேலையே அந்தக் குணத்தைக் கண்டுபிடித்து வெளியே சொல்வதுதான்.

1. கூட்டி வருவதற்கு முன்

அடுக்குமாடியில் இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பல இடங்களில் நாய்க்கு அனுமதி இல்லை. தரைவீடு என்றால் மாநகர் மன்ற உரிமம் பற்றி விசாரியுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) போன்ற காப்பகத்தில் பேசும்போது, மருத்துவச் செலவு யாருடையது, ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். பார்வோ என்ற, நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய் உடலுக்குள் இருந்தும் சில நாள் வெளியே தெரியாமல் இருக்கும்.

2. முதல் சில நாட்கள்

ஒன்றும் செய்யாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். சத்தம் குறைந்த ஒரு மூலை, பழைய போர்வை, தண்ணீர், இவை போதும்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். முகத்தை உற்றுப் பார்க்க வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் அவித்த கோழித் துண்டை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். முதலில் கழுத்து மட்டும் நீளும், பின்னங்கால் அசையாது. பின்னங்காலும் சேர்ந்து முன்னால் வருகிற நாளில்தான் பயம் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டை எப்போதும் பூட்டி வையுங்கள். பயந்த நாய் ஓடினால் கூப்பிட்டாலும் திரும்பாது. அதற்கு உங்கள் குரல் இன்னும் பழகவில்லை.

3. உடம்பு

நம் ஊர் வெக்கையில் உண்ணி வருடம் முழுக்க இருக்கும். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தினமும் பாருங்கள். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது.

4. ஆள் தேடுவது

படம் முக்கியம். கறுப்பு நாயை வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் இரண்டு கண் மட்டும் மின்னும். காலை வெளிச்சத்தில், வீட்டு முன்புற ஐந்தடி நடைபாதையில் வெளிச்சம் அதன் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, நீங்களும் அதன் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். சிவப்போ மஞ்சளோ கழுத்துப்பட்டை போடுங்கள்.

எழுதும்போது "பாவம், யாரும் எடுக்கவில்லை" என்று எழுதாதீர்கள். பரிதாபப்பட்டு எடுக்கிறவர்களில் பலர் திருப்பிக் கொண்டுவருவார்கள். "மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயப்படும். பூனையைத் துரத்தும். சாயங்காலம் பாட்டியின் காலடியில் படுத்துக்கொள்ளும்." இப்படி உள்ளதை உள்ளபடி எழுதினால், அமைதியான வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர் இது நமக்கேற்ற நாய் என்று கண்டுகொள்வார். குறையை மறைத்துக் கிடைக்கிற வீடு நிலைக்காது.

5. ஒப்படைப்பது

கேட்கிறவர் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். கருத்தடை, தடுப்பூசி அட்டை, ஒப்பந்தக் கடிதம், எல்லாம் கையோடு போக வேண்டும். அது படுத்த போர்வையையும் துவைக்காமல் கொடுத்துவிடுங்கள். பழகிய வாசனை இருந்தால் புது வீட்டில் சீக்கிரம் தூங்கும். தீபாவளியை ஒட்டியும், சீனப் புத்தாண்டு ஒன்பதாம் நாளை ஒட்டியும் மட்டும் அனுப்பாதீர்கள். பினாங்கில் அந்த இரவுகளில் பட்டாசு வெடித்துத் தள்ளுவார்கள். புது வீட்டுக்குப் போன நாய் வேலி தாண்டி ஓடிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது.