பார்லிமென்ட் பெண் எம்பிக்களோட வரலாற எப்படித் தேடுறது

"முதல் பெண் சபாநாயகர் யாரு" மாதிரி லிஸ்ட்டோட ஆரம்பிக்காதீங்க. மீரா குமார், 2009, ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிடும், அதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்ல. என்னக் கேட்டா ஒரே ஒரு ஆளப் புடிச்சுக்கிட்டு அவங்க பேர் எந்தெந்த ரெக்கார்டுல வருதுன்னு போய்ட்டே இருக்கணும்.

உதாரணத்துக்கு நம்ம கோவை பார்வதி கிருஷ்ணன எடுத்துக்குவோம். 1954ல ராஜ்யசபா, 1957ல கோவையில ஜெயிச்சு லோக்சபா. ஆனா தேர்தல் கமிஷனோட 1971 ரிப்போர்ட்ல ஜெயிச்சவங்க பட்டியலப் பாத்தா அவங்க இல்ல, அந்த லோக்சபா விவாதத்துல மட்டும் பேசிட்டு இருக்காங்க. என்னன்னு பாத்தா அப்ப கோவை எம்பி பாலதண்டாயுதம், அவரு 1973 டெல்லி விமான விபத்துல இறந்துட்டாரு, அடுத்து வந்த இடைத்தேர்தல்ல இவங்க ஜெயிச்சு உள்ள வந்திருக்காங்க. அதே விமானத்துலதான் இவங்களோட சொந்த அண்ணன், மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலமும் போனாரு. இத எந்த லிஸ்ட்டும் சொல்லாது. அதனால பொதுத்தேர்தல் ரிப்போர்ட்டோட நிறுத்தாம இடைத்தேர்தலையும் சேத்துப் பாருங்க, நீங்க ஒரு எண்ணிக்கை போட்டா அது தேர்தல்ல ஜெயிச்சவங்களா இல்ல அஞ்சு வருஷத்துல மொத்தமா வந்தவங்களான்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. 1977 பொதுத்தேர்தல்ல மொத்தமே 19 பெண்கள்தான் ஜெயிச்சாங்க, பார்வதி அதுல ஒருத்தர்.

இவங்க அம்மா ராதாபாய் சுப்பராயன், 1938லயே டெல்லி மேல்சபைக்கு தேர்ந்தெடுக்கப்பட்டவங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. அந்த சபைக்கு பேரு 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்', வெள்ளைக்காரன் காலத்தது. நம்ம ராஜ்யசபாவுக்கு இங்கிலீஷ்ல 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ்', அது 1952ல வந்தது. ஒரு எழுத்துதான் வித்தியாசம், சபை வேற. அதே மாதிரி முத்துலட்சுமி ரெட்டி உக்காந்தது சென்னை மாகாண சட்டமன்ற மேலவையில, டெல்லியில இல்ல.

அடுத்தது பேரு. இது பெரிய தலைவலி. நம்ம அரசியல் சட்டத்த எழுதின அரசியல் நிர்ணய சபை விவாதத்துல, அதுல உறுப்பினரா இருந்த துர்காபாய் தேஷ்முக்னு ஒரு சாயங்காலம் முழுக்க தேடிட்டு, அவங்க பேசவே இல்ல போலன்னு மூடி வச்சவன் நான். அவங்க தேஷ்முக்க கல்யாணம் பண்ணதே 1953ல, அதுக்கு முன்னாடி ரெக்கார்டுல 'ஸ்ரீமதி ஜி. துர்காபாய்'. அதனால முதல்ல கல்யாண வருஷத்தப் பாத்துக்கோங்க, ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்க. லோக்சபா அட்டவணையில கடைசிப் பேருதான் முன்னாடி வரும், பார்வதி கிருஷ்ணன 'கிருஷ்ணன், ஸ்ரீமதி பார்வதி'ன்னு தேடணும். புருஷன் பேருல தேடினாத்தான் ஆளே கிடைப்பாங்க, என்னத்த சொல்ல.

பேரு கிடைச்சாச்சுன்னா விவாதத் தொகுதி. பார்லிமென்ட் டிஜிட்டல் லைப்ரரியில ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, காசு கிடையாது. 1950கள் விவாதத்துல பகுதி ஒண்ணுன்னா கேள்வி-பதில், ரெண்டுன்னா மத்த நடவடிக்கை, ரெண்டையும் பாக்கணும். பழைய ஸ்கேன்ல எழுத்து மங்கலா இருந்தா சர்ச் வேலை செய்யாது, தேதிய வச்சுப் புரட்ட வேண்டியதுதான்.

பெண்கள் இடஒதுக்கீடு மசோதாவுக்கு மூணு வருஷத்து விவாதம் பாத்தா போதும்: 1996ல முதல்ல தாக்கல், 2010ல ராஜ்யசபால மட்டும் பாஸ், 2023ல ரெண்டு சபையிலயும் (லோக்சபால 454க்கு 2). மூணு விவாதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா அரசியல் நிர்ணய சபை விவாதத்துல 1949 நவம்பர் கடைசி வாரத்த திறங்க. அந்த சபை உறுப்பினர் அம்மு சுவாமிநாதன் எந்திரிச்சு, அரசியல் சட்டம் இவ்ளோ தண்டியா இருக்கே, பர்ஸ்லயோ பாக்கெட்லயோ வச்சுக்கிற அளவுக்கு சின்னதா இருக்கும்னு நெனச்சேன்னு சபையிலயே சொல்லிட்டு இருப்பாங்க.