உறங்கிக் கிடந்த ஈஸ்டை எழுப்பிய கதை

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கிய புதிதில், திரவ ஈஸ்ட் பாக்கெட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு 20 லிட்டர் வோர்ட்டில், அதாவது பியராக நொதிக்க வேண்டிய இனிப்பான மால்ட் (முளைகட்டிய தானிய) நீரில், ஊற்றிவிட்டேன். நொதிக்கும்போது வரும் வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் இரண்டு நாள் ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்றாம் நாள்தான் மெல்ல நுரை கட்டியது. பியரில் பச்சை ஆப்பிள் வாடை.

பாக்கெட்டில் இருந்த தேதியை அப்புறம்தான் பார்த்தேன்: தயாராகி நான்கு மாதம். புதிய பாக்கெட்டில் சுமார் 10,000 கோடி செல்கள் இருக்கும். நாளாக நாளாக அவை செத்துக்கொண்டே வரும். மிச்சமிருந்த கொஞ்சத்தை, சில்லென்று இருக்கும்போதே வெதுவெதுப்பான வோர்ட்டில் தள்ளியது அடுத்த தவறு.

அடுத்த முறை ஸ்டார்ட்டர் செய்தேன்; அதாவது, ஈஸ்டை முதலில் கொஞ்சம் வோர்ட்டில் பெருக்கிக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர் மால்ட் சாறு கலந்து பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆறவைத்தேன். கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அறைச்சூட்டுக்கு வந்த ஈஸ்டைச் சேர்த்தேன். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும்; இறுக்கி அடைத்தால் வாயு வெளியேறாது. போகும்போதும் வரும்போதும் குடுவையைச் சுழற்றிவிட்டேன், ஈஸ்ட் பெருக ஆக்ஸிஜன் வேண்டுமே. மறுநாள் அடியில் வெண்மையாக, கெட்டி மாவுபோல ஒரு படலம். அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது!

வோர்ட்டும் 20 டிகிரிக்கு வந்தபின், நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி ஸ்டார்ட்டரை ஊற்றினேன். எட்டு மணி நேரத்தில் ஏர்லாக் குமிழ்விடத் தொடங்கியது.