கோழிக்கு இறகு கொட்டினால் செய்யக்கூடாதவை

கழுத்து மொட்டையாகி, முதுகுத் தோல் சிவந்து, வால் பாதியாகிப் போன கோழியைப் பார்த்ததும் "செள்ளுப் பூச்சி பிடிச்சிருச்சு" என்று முடிவுகட்டி, மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். புறக்கடையில் கோழி வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். இறகு எந்த இடத்தில், எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கோழியைக் கையில் எடுத்து ஐந்து நிமிடம் நிதானமாகப் பாருங்கள்.

இறகுகள் அடித்தண்டோடு முழுசாக உதிர்ந்து கிடக்கின்றனவா? தலை, கழுத்தில் தொடங்கி மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று வரிசையாக இறங்குகிறதா? அப்படியானால் அது நோயில்லை. ஒரு வயதைக் கடந்த கோழி ஆண்டுக்கொரு முறை பழைய இறகைக் கழித்துப் புதிது போடும். பெரும்பாலும் பகல் பொழுது குறையும் மாதங்களில் நடக்கும். முடிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். அதுவரை முட்டை குறையும், நின்றும் போகும். முட்டையில்லை என்று நல்ல கோழியை இந்த நேரத்தில் விற்றுவிடாதீர்கள். முள் முள்ளாக முளைக்கும் குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடுகிறது. அழுத்திப் பிடித்தால் வலிக்கும், முறிந்தால் ரத்தம் கொட்டும். அவசியமில்லாமல் பிடிக்க வேண்டாம்.

அடைக்கோழியின் வயிற்றடி மொட்டையாவதும், பெருவிடை என்னும் பெரிய நாட்டுக்கோழி இனத்துக்கு நெஞ்செலும்பின் மேல் இறகு குறைவாக இருப்பதும் இயல்பு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

அடுத்த தவறு தீவனத்தில். இறகின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம். குருணையில் இருப்பதோ சுமார் 8 சதவீதம். மேயப் போதிய இடமில்லாத வீட்டில், குருணையையும் மிஞ்சின சோற்றையும் மட்டும் தின்னும் கோழிக்குப் புது இறகு போடப் பொருள் எங்கிருந்து வரும்? மெலிந்த, எளிதில் முறியும் இறகுதான் வரும். புரதமும் உப்பும் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைத் தின்னவும் ஆரம்பிக்கும். இறகு போடும் காலத்தில் ஒரு கிலோ தீவனத்துக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது குருணை 600 கிராம், தவிடு 150, கடலைப் புண்ணாக்கு 150, எள்ளுப் புண்ணாக்கு 50, மீன் தூள் 50 என்று கலந்தால் புரதம் 17 சதவீதம் அளவுக்கு வரும். கடலைப் புண்ணாக்கை மட்டும் கூட்டினால் போதாது. இறகுக்கு அவசியமான மெத்தியோனின் என்ற புரதக் கூறு அதில் குறைவு. எள்ளிலும் மீனிலும் அது நன்றாக இருக்கிறது. உப்புக் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள், அந்த உப்பே கோழியைக் கொன்றுவிடும். பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கையும் தொடவேண்டாம், ஈரல் கெடும்.

இனி, பூச்சிதான் காரணம் என்றால். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்குங்கள். வைக்கோல் நிறத்தில் வேகமாக ஓடுபவை பேன்கள். தண்டின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருப்பவை அவற்றின் முட்டைகள். மருந்து இந்த முட்டைகளைக் கொல்லாது. ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்தினால் ஒரு வாரத்தில் புதுப் பேன் வந்துவிடும். பத்தாம் நாள் மறுபடி போட்டே ஆகவேண்டும்.

பகலில் கோழி மேல் ஒன்றுமே தென்படாமல் கோழி வாடினால், ராத்திரி டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்புக் கோடு விழும். ரத்தம் குடித்த செள்ளு அது. கோழி உண்ணியும் இப்படித்தான், பகலெல்லாம் மூங்கில் துளையிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருக்கும், ரத்தமே இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டுக் கூண்டை விட்டுவிடுவது வீண் வேலை. மூங்கில் கூண்டிலும் கட்டையிலும் கொதிக்கும் நீரை ஊற்றி வெயிலில் காயவையுங்கள். சுவர் வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் கோழி மேல் படவே கூடாது. எந்த மருந்து, எவ்வளவு நீரில், எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்பதையெல்லாம் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து நீரில் நனைப்பதாக இருந்தால் வெயில் ஏறிய காலை பத்து மணிக்குச் செய்யுங்கள். மாலையில் நனைத்தால் ஈரத்தோடு அடைந்து சளி பிடிக்கும்.

மண் குளியலுக்கு இரண்டடி சதுரம், முக்கால் அடி ஆழத்தில் மழை படாத குழி போதும். இரண்டு பங்கு உலர்ந்த மண், ஒரு பங்கு மணல், அரைப் பங்கு விறகுச் சாம்பல். இதில் சுண்ணாம்பு சேர்த்தால் தோலும் கண்ணும் வெந்துவிடும்.

பெட்டையின் முதுகும் இறக்கை மூட்டும் மட்டும் மொட்டையா? சேவல் மிதித்ததுதான். எட்டு முதல் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தண்டு முறிந்து கட்டையாக நின்றால் கொத்துதல், கூண்டில் நெருக்கடியைக் குறையுங்கள். ரத்தம் தெரியும் கோழியை உடனே தனியே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, புண் ஆறிய பிறகே சேர்க்கவேண்டும்.

வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். முறிந்த கட்டை அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். அதைப் பிடுங்கி எடுக்காதீர்கள்.